முதல் வீட்டில் பதினாலாம் நம்பர்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம்; முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ, உன் வீட்டுக்காரி, பெண் எல்லோரும் சுகம்தானே? போன ஆகஸ்டில் நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. கப்பலுக்குக் கப்பல் ஒட்டுப்போடத் தெரிகிறது, அக்காவுக்கு நாலு வரி எழுதத் தெரியவில்லை. இருக்கட்டும்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நகராட்சியிலிருந்து இரண்டு பேர் அளவு நாடாவோடு மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார்கள். என் கதவில் இருக்கும் தகட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவர் கேட்டார்: “ஏம்மா, இந்தக் கட்டடம் கட்டி எத்தனை வருஷம் ஆச்சு?”

“பதினெட்டு.”

“ஊருக்கு அறுபது வருஷம் ஆகுதே!”

விஷயம் இதுதான். ஊருக்கு அறுபது ஆண்டு நிறைவு. மலர் ஒன்று போடுகிறார்கள், முதல் வீடு இருந்த இடத்தில் கல் நடுகிறார்கள். குழாய் ஆலையின் பழைய பதிவேட்டில் ‘வீடு எண் 1’ என்று இருந்ததாம். அந்த எண் எங்கே தொங்குகிறது என்று தேடிக்கொண்டு வந்தவர்களுக்கு ஒரு நகரமே மூன்றாவது மாடியில் ஆரம்பித்ததாகத் தெரிந்திருக்கிறது. பாவம், நாடாவை எங்கே வைப்பது என்று புரியாமல் நின்றார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து விளக்கினேன். நம் ஊரில் எண் வீட்டுக்குக் கொடுத்ததில்லை, வந்தவர்களுக்கு வந்த வரிசையில் கொடுத்தது, வீடு மாறினால் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புது வீட்டில் அடித்துக்கொள்வோம் என்று. பம்பு தெருவில் 1, 212, 36, 7 என்று வரிசையாக இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புதிதாக வந்த தபால்காரர் முதல் நாளே பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதல் நாற்பது வீட்டில் இருந்தவர்களில் இன்று இங்கே மிச்சம் நான் ஒருத்திதான். அதனால் அந்த அத்தியாயத்தை என்னையே எழுதச் சொல்கிறார்கள். முப்பத்து நாலு வருடம் ஆலையின் சாமான் அறையில் சீட்டு இல்லாமல் ஒரு போல்ட் வெளியே விடாதவள் நான். தப்பாக எழுத எனக்கு வராது. உனக்கு என்னென்ன நினைவிருக்கிறதோ எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள,
அக்கா


பிப்ரவரி 20

என் அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் மூவரும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். வாசனை பொறுக்காது, ஆனால் வேலை செய்யும். ஆகஸ்டு கடிதத்துக்குப் பதில் மேஜை இழுப்பறையில் பாதி எழுதிக் கிடக்கிறது. சத்தியமாக.

அடேங்கப்பா! நம் வீட்டைத் தேடி நகராட்சியே வருகிறதா? உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அந்த மாடிக் கதையைக் கேட்டுக் கிரேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே எனக்கு என்ன பெயர் தெரியுமா? ‘முதல் வீட்டுக்காரர்’. வந்த புதிதிலிருந்தே சொல்லிவைத்திருக்கிறேனே: ஆறு லட்சம் பேர் இருக்கும் ஊரில் முதல் கால் வைத்தவர் எங்கள் அப்பா, அவர் பம்பை ஓட்டித் தண்ணீர் எடுத்த பிறகுதான் மற்றவன் எல்லாம் வந்தான் என்று. எத்தனை பேர் எத்தனை அப்பாக்களைப் பற்றிப் பீற்றிக்கொண்டாலும் இதற்கு மேல் யாராலும் போக முடிந்ததில்லை.

ஆகவே நீ எழுதும்போது முதல் வரியே அப்பாவாக இருக்கட்டும். ‘இந்நகரின் முதல் குடியிருப்பாளர் ஒரு எஞ்சின்காரர்’ என்று ஆரம்பித்தால் கம்பீரமாக இருக்கும். எனக்குப் பத்துப் பிரதி வேண்டும்.

எனக்கு நினைவிருப்பது: சங்கு ஊதினால் நாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். செங்கல் தூசியில் அம்மா துவைத்த துணி காய்வதற்குள் மறுபடி அழுக்காகும். அப்பாவின் தோளில் உட்கார்ந்தால் வார்ப்படச் சாலையின் புகைபோக்கி என் உயரத்துக்கு வரும். அப்புறம் நம் வீட்டுக் கதவு. ‘1’ என்ற தகட்டுக்குக் கீழே ‘14’ என்று இன்னொன்று இருக்குமே, அது எதற்கு? ஊரில் வேறு எந்தக் கதவிலும் இரண்டு தகடு பார்த்ததில்லை. அம்மாவைக் கேட்டால் “கதவுக்கு அழகா இருக்கட்டும்னுதான்” என்பாள். நீயாவது சொல்.

உன் தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். எண்ணெய் வந்தது. நீ சொன்ன வாசனையில் பக்கத்து வீட்டுக்காரி என்ன செத்துக்கிடக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனாள். வலி குறைந்திருக்கிறது, அதனால் உன்னைத் திட்டவில்லை.

பத்துப் பக்கம் எழுதிவிட்டேன். எழுத எழுத வருகிறது. முதலில் பதினோரு கூடாரம், மண்ணைத் துளைத்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். தண்ணீர் கிடைத்ததும் பம்பு. பம்பைச் சுற்றிக் களிமண்ணில் குழாய் வார்க்கும் சூளை. சூளைக்கு ஆள், ஆளுக்குக் கொட்டகை, கொட்டகைக்கு எண். நாற்பது வீடு ஆனபோது ஒரு சவரக்காரர் வந்தார். அன்றைக்கு ஆண்கள் எல்லாம் தலையைத் தடவிக்கொண்டு, “இனி இது ஊருதான்!” என்று சொல்லிச் சொல்லி நடந்தார்கள்.

நீ பிறந்த பிறகுதான் வார்ப்படச் சாலை. அதோடு ரயில் கிளைப்பாதை, அதோடு மருத்துவமனை. எனக்கு வேலை கிடைத்த வருடம் டயர் ஆலை வந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எல்லோரும் மனு எழுதினோம். மனு எழுதிய முதல் ஐந்து பேரும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். இன்று வேலை விடும் நேரத்தில் நம் பழைய தெருவைக் கடக்க வேண்டுமென்றால் கால் மணி நேரம் நிற்க வேண்டும். முதல் அடுப்பு எரிந்த இடம் எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேருந்து நிலையத்தின் கழிப்பறை வருகிறது. இதை மலர்க் குழுச் செயலாளரிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர். “கல்லைக் கொஞ்சம் தள்ளி நட்டுக்கலாம்மா” என்றார்.

தகட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைப் பிறகு எழுதுகிறேன், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். உன் பெண்ணுக்கு என் முத்தம்.

அக்கா


மார்ச் 22

மலர்க் குழுச் செயலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்துடன் எண் 2 முதல் எண் 40 வரையுள்ள வீடுகளைப் பற்றிய பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். சரிபார்த்துக்கொள்ளவும். எண் 9 இன்ஜினியர் பங்களா. தனக்கு ஒன்பதாம் எண் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததை எழுதியிருக்கிறேன். குடும்பத்தாருக்கு வருத்தம் இருக்கும் என்றால் அந்த வரியை எடுத்துவிடலாம்.

எண் 1 பற்றிய பக்கத்தையும் எழுதிவிட்டேன். அனுப்பத்தான் முடியவில்லை. காரணத்தைத் தங்களிடம் மறைப்பது சரியில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது என் தம்பிக்குத் தெரியாது. நானும் அவனும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள் அல்ல. இந்த ஊருக்கு முதலில் வந்தது அவனுடைய அப்பாவும் அல்ல. இரண்டையும் நேர்மாறாக நம்பியே என் தம்பிக்கு ஐம்பத்து நாலு வயதாகிவிட்டது. அச்சில் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. நான் முதலில் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் எனக்கு மிஞ்சுவானா என்று தெரியவில்லை. எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
எண் 1 வீட்டுக்காரி


மார்ச் 29

அம்மையாருக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் தேறி வருவது குறித்து மகிழ்ச்சி. பக்கங்கள் கிடைத்தன. இன்ஜினியரின் முகம் அப்படியே இருக்கட்டும் என்று அவர் பேரனே சொல்லிவிட்டார்.

அச்சகத்தார் ஜூன் முப்பதுக்கு மேல் ஒரு நாளும் தரமாட்டார்கள். அதற்குள் தங்கள் பக்கம் வராவிட்டால் இன்ஜினியர் பங்களாவை முதல் வீடு என்று போடும்படி குழுவில் சிலர் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் ஐந்து பேர், நான் ஒருவன்.

தங்கள் தம்பி விஷயம் என்னோடு இருக்கும். பெற்ற பிள்ளையிடமே சொல்ல முடியாத சில விஷயங்கள் எனக்கும் உண்டு. அதனால் அறிவுரை எதுவும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

செயலாளர்


ஏப்ரல் 18

அக்கா,

நலம், நலமறிய ஆவல். உன் பால் பொங்கி வழிந்து ஆறித் தயிராகி மோராகவும் ஆகியிருக்கும். பதினாலு என்ன ஆயிற்று?

நான் சும்மா கேட்கவில்லை. எங்கள் தொழிலாளர் மன்றத்தில் அவரவர் ஊரைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு கூட்டம் வைக்கிறார்கள். என் பெயரை நான் கேட்காமலே போட்டுவிட்டார்கள். அப்பாவின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன், அந்த எண்ணெய் டப்பாவோடு நிற்கிறாரே, அது. ‘முதல் மனிதர்’ என்று கீழே எழுதச் சொல்லியிருக்கிறேன். உன் அத்தியாயத்தின் முதல் பக்கத்தை மட்டும் முன்கூட்டியே அனுப்பினால் அதையே படித்துவிடுவேன்.

இன்னொரு விஷயம். நீ இரண்டு கடிதத்திலும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சவரக்காரருக்கு நாலு வரி, டயர் ஆலைக்கு நாலு வரி. என் மேல் ஏதாவது கோபமா? எண்ணெய் நாற்றத்துக்கா?

உன் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் மேல் எனக்கு என்னடா கோபம்? நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி. உன் வீட்டுக்காரி பக்கத்தில் இருக்கட்டும். பட்டறையில் வைத்துப் படிக்காதே.

இந்த ஊரில் முதலில் வந்தது அப்பா இல்லை. அம்மா. மண்ணைத் துளைக்க வந்த பதினோரு பேருக்குச் சமைக்க ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி, அவர்கள் வருவதற்கு ஒரு நாள் முன்னால் அம்மாவை மணல் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். லாரியில் இடம் இல்லை. பெரிய அண்டாவுக்குள் ஒரு கோணியை விரித்து என்னை அதில் உட்கார வைத்து, அம்மா விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு மூன்று வயது. வெட்ட வெளியில் இறக்கிவிட்டு லாரி போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி இந்த ஊரின் மக்கள்தொகை இரண்டு.

என்னைப் பெற்றவர் வேறு ஒருவர். எனக்கு இரண்டு வயதில் வேலை தேடிப் போகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது. அவர் முகம் எனக்கு ஞாபகம் இல்லை.

நம் அப்பா பதினாலாவது ஆளாக வந்தார். பம்பை ஓட்ட வந்த எஞ்சின்காரர். மூன்று வேளையும் அம்மாவின் அண்டாவிலிருந்துதான் சாப்பாடு. எனக்கு எட்டு வயது ஆனபோது அவர் நம் வீட்டுக்கு வந்தார். அவர் வந்த மறுநாள் ஆலை குமாஸ்தா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். நான் வாசலில் நின்று கேட்டேன்.

“வீட்டுக்கு ஆம்பளை வந்தாச்சு. ஒண்ணாம் நம்பரை உங்க பேருக்கு மாத்திடலாமா எஞ்சின்காரரே?”

“எதுக்கு? அவங்கதானே முதல்ல வந்தாங்க?”

“இல்ல, ஒரு மரியாதைக்கு...”

“வந்த வரிசை வந்த வரிசைதான்யா. நான் பதினாலு. என் தகட்டை அதுக்குக் கீழ அடிச்சுக்கறேன், போ.”

சுத்தியலை எடுத்து அப்போதே அடித்தார். ஆணி கோணலாகப் போனது. நீ கேட்ட இரண்டாவது தகடு அதுதான். அடுத்த வருடம் நீ பிறந்தாய்.

உன்னிடம் சொல்லாதே என்று அம்மா என்னிடம் சொன்னதில்லை. அப்பாவும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தது நான். நீ என்னை முழு அக்காவாக நினைத்துக்கொண்டிருந்தாய். அதில் போய்க் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பார்த்துப் பார்த்து நீ கப்பல் ஏறிப் போய்விட்டாய். கடிதத்தில் எழுதும் விஷயமா இது என்று அப்புறம் ஒரு சாக்கு.

மலரில் போடுவதற்கு நான் எழுதிய பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் நீ வேண்டாம் என்றால் நான் கொடுக்கப் போவதில்லை. இன்ஜினியர் பங்களாவே முதல் வீடாக இருந்துவிட்டுப் போகட்டும், ஊர் ஒன்றும் இடிந்து விழாது. ஜூன் முப்பதுக்குள் ஒரு வார்த்தை எழுது. உன் அப்பாவை நான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக நினைக்காதே. இனி நீ என்னை எப்படி வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அக்கா


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் சொன்ன மாதிரி நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தோம். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, குழாயில் சொட்டுகிறது என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். குழாய் சொட்டவே இல்லை. அன்றையிலிருந்து வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். என் தையல் மெஷின் இப்போது பின்பக்கமாக ஓடுகிறது.

மன்றத்துக் கூட்டத்துக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். பெரிதாக்கிய படம் வந்திருக்கிறது, பிரிக்காமல் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. தினமும் கடிதம் எழுத உட்காருகிறார். கிழித்துவிடுகிறார். பெண் போய், “அப்பா, அத்தை மேல கோபமா?” என்று கேட்டாள். “எனக்கு என்ன கோபம்? எல்லாம் தெரிஞ்சும் அவ எதுவும் தெரியாத மாதிரி என்னை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு அலைஞ்சாளே, அதுதான்” என்றார்.

எனக்குத் தெரிந்தவரை அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் அண்ணி. அப்பா முதல் ஆள் என்று இருபது வருடமாகத் தம்பட்டம் அடித்த மனிதர். ஆனால் ஜூன் முப்பது நெருங்குகிறது, நீங்கள் அங்கே தனியாகத் தபாலைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் எழுதினேன். சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 19

அக்கா,

இது ஏழாவது கடிதம். ஆறு கிழித்தாகிவிட்டது. இதிலும் நலம் விசாரிக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

முதலில் காரியம். உன் செயலாளருக்கு இன்று காலையில் தந்தி கொடுத்துவிட்டேன்: ‘எண் ஒன்று பக்கத்தை அப்படியே அச்சிடவும், ஒரு எழுத்து மாற்றக் கூடாது, தம்பி.’ இன்ஜினியர் பங்களாவாம், இன்ஜினியர் பங்களா! மூஞ்சியைப் பார்!

இப்போது சண்டை. ஐம்பத்து நாலு வயது வரைக்கும் ஒரு மனிதனை முட்டாளாக வைத்திருக்க உன்னால் மட்டும்தான் முடியும். கோபம் வந்தது, மறைக்கவில்லை. அப்பாவை முதல் ஆள் என்று நான் ஊரெல்லாம் முழங்கும்போது நீ அங்கே உட்கார்ந்து என்ன நினைத்திருப்பாய் என்று யோசித்தால் காது சுடுகிறது. ஆனால் கடைசியில் எழுதியிருக்கிறாயே, ‘இனி நீ என்னை எப்படி வைத்துக்கொண்டாலும் சம்மதம்’ என்று, அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எப்படி வைத்துக்கொள்வதாம்? எனக்கு மூக்கு சிந்திவிட்டவள் நீ. என் பள்ளிக்கூடத்தில் வந்து அந்தக் கணக்கு வாத்தியாரோடு சண்டை போட்டவள் நீ. இதில் பாதியை எந்தக் கத்தியை வைத்து வெட்டி எடுப்பேன்? இன்னொரு தடவை அப்படி எழுதினால் உண்மையாகவே பேசமாட்டேன்.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். “எங்க அப்பா முதல் ஆள் இல்லப்பா, பதினாலாவது ஆள். முதல்ல வந்தது எங்க அம்மாவும் அக்காவும். அக்கா அண்டாவுக்குள்ள உக்காந்து வந்தா.” கிரேன்காரர், “அண்டாவுலயா?” என்றார். அவ்வளவுதான், அப்பாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அண்டா எவ்வளவு பெரிசு, மூடி இருந்ததா என்று ஒரே கேள்வி.

ஒரு விஷயம் மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. பிறந்ததிலிருந்து எனக்கு அவர் அப்பா, நான் கேட்டு வாங்கவில்லை. உனக்கு எட்டு வயதில் வந்தவர். எனக்கு நினைவு தெரிந்து நீ அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாய், என்னைவிட உரக்கக் கூப்பிட்டாய். அதற்கு முன்னால் என்னவென்று கூப்பிட்டாய்? எப்போது மாறியது? அம்மா சொல்லச் சொன்னாளா? அவர் கேட்டாரா? யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா? உன் மனசுக்கு விரோதமாக நீ அதைச் சொல்லிக்கொண்டிருந்தாய் என்றால் எனக்குத் தெரிய வேண்டும். நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுது. அது தெரியாமல் என்னால் ஊருக்கு வந்து உன் முகத்தைப் பார்க்க முடியாது.

தம்பி


ஜூலை 6

என் கண்ணான தம்பிக்கு,

அக்கா சுகம். உண்மையாகவே சுகம். உன் தந்தி வந்த அன்று செயலாளர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் நிற்காமல் ஏறி வந்தார். அவருக்கு வயது எழுபத்தொன்று. தண்ணீர் கொடுத்து விசிறிவிட வேண்டியதாயிற்று. பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. உன் வீட்டுக்காரி நல்ல பெண், அவளை ஒன்றும் சொல்லாதே. தையல் மெஷினைச் சரிசெய்து கொடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எட்டு வயதில் நான் நல்ல பிசாசு. இத்தனை வருடம் நானும் அம்மாவுமாக இருந்த வீட்டில் இவர் யார் என்று எனக்கு ஆத்திரம். அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் முன்னால் போய் நின்று தொண்டையைக் கனைப்பேன். அவரும் திரும்பிப் பார்த்து, “சாப்பாடா? சரி” என்று எழுந்து வருவார். அம்மா ஒருநாள் என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அவர்தான், “விடு, அவ கூப்பிட்டா எனக்குக் கேக்குதுல்ல” என்றார். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

அதற்குள் நீ பிறந்து வளர்ந்தாய். அம்மா அப்போது சூளையில் இருநூறு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள், நீ முழுக்க என் இடுப்பில்தான். உன் வாயில் முதலில் ‘அக்கா’தான் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. மாதக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தேன். நீ எச்சில்தான் விட்டாய். சாயங்காலம் அவர் பம்பு கொட்டகையிலிருந்து வந்தால் மட்டும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ‘ஊ, ஊ’ என்று துடிப்பாய். கூப்பிடத் தெரியாமல் முகமெல்லாம் சிவந்துபோகும். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சரி, தொலையட்டும் என்று உனக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் வேலை. பாத்திரம் தேய்க்கும்போது அப்பா சொல்லு, துணி உலர்த்தும்போது அப்பா சொல்லு. தெருவே சிரித்தது.

ஒரு நாள் மத்தியானம் உன்னை ஒரு இடுப்பிலும் சாப்பாட்டுத் தூக்கை இன்னொரு கையிலுமாக எடுத்துக்கொண்டு பம்பு கொட்டகைக்குப் போனேன். வாசலில் நின்றேன். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நீ பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் உன் காதருகே உரக்க, “அப்பா! சாப்பாடு!” என்றேன்.

நீ வாயைத் திறக்கவில்லை. கை முஷ்டியை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாய். அவர் திரும்பினார். அந்தச் சத்தத்தில் அவருக்கு எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. உன்னைப் பார்த்தார். உன் வாயில் முஷ்டி இருந்ததைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“இதோ வர்றேம்மா” என்றார்.

‘உங்களைக் கூப்பிடலை, பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்’ என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அவர் எஞ்சின் துடைக்கும் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அதே பஞ்சால் முகத்தையும் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கன்னமெல்லாம் கறுப்பு. நான் சிரித்துவிட்டேன். அவரும் ஏன் என்று கேட்காமல் சிரித்தார். தூக்கில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாளும் அப்படியே கூப்பிட்டேன். அன்றைக்கு உன்னை நான் தூக்கிக்கொண்டு போகவில்லை.

நீ அதைச் சொல்ல இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று அம்மா சாகும்வரை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தது யாருக்கும் தெரியாது. நீ மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் கடைசிவரை அந்த மனிதரைத் தொண்டையைக் கனைத்தே கூப்பிட்டிருப்பேன்.

கிளம்பி வா.

உன் அக்கா